கசாப்புக் கடை வாசலில் சப்பரம்

மத்தியானம் ஒரு மணிக்கு வர வேண்டிய பாதிரியார் நாலரை மணிக்கு வந்தார். அதற்குள் லோமெய்ராவில் எல்லோரும் இரண்டு தடவை சாப்பிட்டிருந்தார்கள்.

"ஆட்டுக்குட்டி வேகலை," என்றார் அடேரிட்டோ பாதிரியார், காரை விட்டு இறங்கும்போதே. அவருக்கு ஐந்து ஊர். நாலாவது ஊரில் அன்று ஒரு ஞானஸ்நானம். "குழந்தைக்குத் தண்ணி ஊத்திட்டு விருந்து சாப்பிடாம கெளம்ப முடியுமா? அந்தக் குடும்பம் ஏழு தலைமுறைக்கு எங்கிட்டப் பேசாது."

"அதுக்காக மூணரை மணி நேரமா ஃபாதர்?"

"பெரிய குட்டி."

மலைமேல் இருந்த சிறிய கோவிலின் வாசலில் சப்பரம் தயாராக நின்றது. உள்ளே சந்தோஷ மாதா. சுற்றிலும் வெள்ளைக் காமெலியாப் பூ. ஈஸ்டர் கழிந்த இரண்டாம் சனிக்கிழமை மாதா ஊருக்குள் போய் வருவாள். நானூறு கிலோ. பன்னிரண்டு பேர் தூக்க வேண்டும்.

இடப்பக்கத் தண்டின் முன்முனை அல்சீரா கின்டேலாவுடையது. இருபத்திரண்டு வருடமாக அது அவள் இடம். ஒரு துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பரந்த தோள். அன்றைக்கு ராத்திரி அவள் கட்சித் தலைவி ஆகலாம். ஆகாமலும் போகலாம்.

பக்கத்தில் பெர்னார்தோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். லிஸ்பன்காரன். அவளுடைய தேர்தல் வேலைகளை அவன்தான் பார்த்தான். மெல்லிய அடி உள்ள செருப்பு போட்டிருந்தான். மலைக்கு ஏற்றதல்ல.

"மேடம், மணி நாலு நாப்பது."

"தெரியும்."

"அஞ்சு மணிக்குப் பெட்டி தொறக்குது. எட்டு மணிக்கு மூடிடும்."

"தெரியும் பெர்னார்தோ."

நாடு முழுக்க அன்று கட்சி உறுப்பினர்கள் தங்கள் தங்கள் ஊர் அலுவலகத்தில் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிற்பது இரண்டு பேர். ஒருவர் மெஸ்கீத்தா, முன்னாள் மந்திரி, லிஸ்பனில் பிறந்து லிஸ்பனிலேயே வளர்ந்தவர். இன்னொருத்தி அல்சீரா. யார் ஜெயிப்பார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெர்னார்தோவின் கணக்கில் ஒரு வாரம் அவள் முந்தினாள், மறு வாரம் அவர் முந்தினார்.

தேதியை லிஸ்பன் தலைமை அலுவலகம் வைத்தது. அவர்களுக்கு லோமெய்ராவின் திருவிழா தெரியாது. அல்சீரா நாட்காட்டியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சாமி தூக்க வேண்டும், தேதியை மாற்றுங்கள் என்று சொன்னால் மெஸ்கீத்தாவின் ஆட்கள் ஒரு மாதம் சிரிப்பார்கள். தவிர, ஒன்றும் மோதாது என்றுதான் நினைத்தாள். ஒரு மணிக்குச் சப்பரம் கிளம்பும். நாலே காலுக்குத் திரும்பும். ஐந்து மணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு லிஸ்பனுக்குக் கார் ஏறலாம். அங்கே ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நானூறு பேர் அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

ஆட்டுக்குட்டியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"தூக்குங்க," என்றார் பாதிரியார்.

பன்னிரண்டு தோள்களும் ஒன்றாக எழுந்தன. பேண்டு ஆரம்பித்தது. வாணம் ஒன்று மேலே போய் வெடித்தது. மாதா ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தாள்.

பெர்னார்தோ தண்டின் பக்கத்திலேயே நடந்தான்.

"மேடம், ஒரு விஷயம். இந்த ஊர்ல நமக்கு எத்தனை உறுப்பினர்?"

"முப்பத்தொண்ணு."

"அவங்க எல்லாம் இப்ப எங்க?"

அல்சீரா முன்னால் பார்த்தாள். பக்கவாட்டில் பார்த்தாள். திரும்பிப் பார்க்க முடியாது, தண்டு விடாது. ஆனால் பின்னால் யார் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

தண்டுக்கு அடியில் ஒன்பது பேர், அவளையும் சேர்த்து. பேண்டில் பதினாலு பேர். வாணம் விடுகிறவர்கள் மூன்று. பாதிரியாருக்குக் குடை பிடிக்கிறவர் ஒருவர். மொத்தம் இருபத்தேழு.

இது அவள் செய்த வேலைதான். கட்சிக்கு ஆள் சேர்க்கச் சொன்னபோது அவள் வீடு வீடாகப் போகவில்லை. கூடத் தண்டு தூக்கியவர்களைக் கேட்டாள். அவர்களுடைய அண்ணன் தம்பிகள் பேண்டில் இருந்தார்கள், அவர்களையும் கேட்டாள். நல்ல ஆட்கள். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாளும் எந்நேரமும் ஓட்டுப் போடக் கூடியவர்கள்.

"மிச்சம் நாலு பேர்," என்றாள். "லுதோவீனா பெட்டிகிட்ட இருக்கா. அவ புருஷன் காலை ஒடச்சுக்கிட்டு வீட்ல இருக்கான், தூக்கிட்டுப் போயாவது போட வெச்சிடுவா. பல் டாக்டர். அப்புறம் கசாப்புக் கடைக்காரர். ஆபீசே அவர் மாடியிலதான்."

பெர்னார்தோ நின்றுவிட்டான். பின்னால் வந்த கொடிக்காரர் அவன்மேல் மோதினார். மறுபடி ஓடி வந்தான்.

"சப்பரம் எத்தனை மணிக்குக் கோவிலுக்குத் திரும்பும்?"

"ஏழு அம்பது."

"அங்கேருந்து ஆபீசுக்கு?"

"எறக்கம். இருவது நிமிஷம்."

எட்டு பத்து. அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, உதடு அசைந்தது.

"ஒண்ணு ரெண்டு ஓட்டுல முடியப் போற தேர்தல் மேடம் இது. இருவத்தேழு ஓட்டு இங்க டிரம் அடிச்சிட்டிருக்கு."

"டிரம்காரன் நல்லா அடிப்பான்," என்றார் அவளுக்குப் பின்னால் தண்டு பிடித்திருந்தவர்.

"நீங்களாவது இப்ப வெளிய வந்து..."

"நான் தோளை எடுத்தா இந்தப் பக்கம் சாயும்."

"வேற யாராவது?"

"வேற யாராவது இருந்தா நான் ஏன் தூக்கப் போறேன்?"

அதுதான் உண்மை. அவள் அரசியல் அப்படித்தான் ஆரம்பித்தது.

அல்சீரா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளாக இருந்தாள். லோமெய்ராவில் பாதிப் பேருக்கு அவள்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். இப்போதும் யார் கார் ஓட்டினாலும் பக்கத்து இருக்கையில் அவள் வலது கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். ஊராட்சித் தேர்தலில் நிற்கச் சொன்னபோது சிரித்தாள். நின்றாள். ஏழு ஓட்டில் ஜெயித்தாள். அந்த வருஷம் திருவிழாவன்று சப்பரம் தூக்க ஆள் பதினொன்றுதான். இளவட்டம் எல்லாம் பிரான்ஸில் கட்டட வேலையில். பெண்கள் தூக்குகிற வழக்கம் இல்லை. மாதா வெளியே வர மாட்டாள் என்று எல்லோரும் முடிவு செய்து, குடிக்கப் போகலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது ஊராட்சித் தலைவி யாரையும் கேட்காமல் துண்டை மடித்தாள்.

எட்டு வருஷம் ஊராட்சி. பன்னிரண்டு வருஷம் நகராட்சித் தலைவி. இரண்டு வருஷமாக நாடாளுமன்றம். பள்ளிக்கூடப் பேருந்து விட்டாள். ஒரு பாலம் கட்டினாள், அது ஆறு மாதம் தாமதம். ஆஸ்பத்திரியை மூட வந்தவர்களை மூட விடவில்லை. இதெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. தோள் விஷயம் ஒருதடவையும் வரவில்லை. ஆனால் லோமெய்ராவில் அவளைப் பற்றிக் கேட்டால் முதலில் தோளைத்தான் சொல்வார்கள்.

இப்போது அந்தத் தோளில் நானூறு கிலோவின் ஒரு பங்கு. ஏழாயிரம் பேர் வாழும் ஒரு நகராட்சியிலிருந்து யாரும் இதுவரை கட்சித் தலைமைக்குப் போனதில்லை. அவளுக்கு அது வேண்டும். மிகவும் வேண்டும். அதை அவள் யாரிடமும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. மலைச்சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அதை நினைத்தாள்.

ஊர் முழுக்கச் சுற்றினார்கள். மாடிகளில் நல்ல படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பூ கொட்டினார்கள். பிரான்ஸிலிருந்து வந்தவர்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். "அல்சீராக்கா, இங்க பாருங்க!" அவள் பார்த்துச் சிரித்தாள். கறி அடைத்த ஈஸ்டர் ரொட்டியை யாரோ அவள் வாயில் திணித்தார்கள். கை இரண்டும் தண்டில் இருந்ததால் மறுக்க முடியவில்லை.

ஏழே கால் மணிக்குக் கசாப்புக் கடைத் தெருவுக்குள் திரும்பினார்கள். மலையேறுவதற்கு முன் கடைசித் தெரு அது. இடப்பக்கம் கசாப்புக் கடை, அதன் மாடியில் கட்சி அலுவலகம். மாடி ஜன்னலில் லுதோவீனா நின்றாள். மருந்துக் கடைக்காரி. ஓட்டுப் பெட்டிக்கு அன்று அவள்தான் பொறுப்பு.

"அல்சீரா! நாலு ஓட்டுத்தான் விழுந்திருக்கு!" என்று மேலிருந்து கத்தினாள்.

"தெரியும்!"

"எட்டுன்னா எட்டு! சொந்தத் தங்கச்சின்னாலும் ஒரு நிமிஷம் தர மாட்டேன்!"

"தெரியும் லுதோவீனா!"

அல்சீரா பாதிரியாரைப் பார்த்தாள். "ஃபாதர், இங்க கொஞ்சம் மூச்சு வாங்கிக்கலாமா?"

அடேரிட்டோ பாதிரியார் மாடியைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார். மூன்றரை மணி நேரத் தாமதம் யாருடையது என்பது அவருக்குத் தெரியும்.

"தூக்கறவங்க களைச்சுப் போனா மாதா நிப்பா. அதுல தப்பில்லை. ஆனா கட்சிக் கொடி கண்ணுல படக் கூடாது. கோஷம் கூடாது. அப்புறம்..." விரலை நீட்டினார். "தரையைத் தொடக் கூடாது."

அதை அவர் சொல்லவே வேண்டியதில்லை. லோமெய்ராவில் கோவில் வாசலைத் தாண்டிய சப்பரம் திரும்ப வாசலைத் தாண்டும்வரை தரையைத் தொடாது. வேறு ஊர்களில் கவைக்கோல் ஊன்றித் தண்டைத் தாங்கவைத்துவிட்டு நிற்பார்கள். அந்த ஊர்களைப் பற்றி லோமெய்ராவில் நல்லபடியாகப் பேசுவதில்லை.

சப்பரம் நின்றது. பேண்டிலிருந்து இரண்டிரண்டு பேராக மாடி ஏறினார்கள். படி குறுகல், ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் போக முடியாது. ஆனால் மாதா ஊருக்குள் இருக்கும்வரை இசை நிற்கக் கூடாது. அதனால் மற்றவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் கிளாரினெட்கள் போயின. பாட்டு கொஞ்சம் மெலிந்தது. பிறகு டிரம்பெட்கள். டியூபாக்காரர் உடம்பைச் சுற்றி மாட்டியிருந்த பெரிய பித்தளைக் குழலோடு படியில் சிக்கிக்கொண்டு, பின்பக்கமாக இறங்கி வந்து, அதைக் கழற்றி பெர்னார்தோவின் தலைவழியாக மாட்டிவிட்டுப் போனார். பெர்னார்தோ டியூபாவுக்குள் இருந்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு கட்டத்தில் பெரிய டிரம்மும் ஒரு ஜோடித் தாளமும் ஒரு புல்லாங்குழலும் மட்டும் மாதாவுக்காக வாசித்தன. மோசமாக இல்லை.

ஏழு நாற்பதுக்கு பேண்டும் வாணக்காரர்களும் குடைக்காரரும் போட்டு முடித்தார்கள். மிச்சம் தண்டுக்கு அடியில் இருந்த ஒன்பது பேர்.

அவர்கள் நகர முடியாது. சப்பரம் நிற்கும்போதுதான் பாரம். நடக்கும்போது தெரியாத கிலோக்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. அல்சீராவுக்குத் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு கம்பி இறங்கியது போல இருந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் பாட்டிகளும் பிள்ளைகளும்தான் அதிகம். தோள் கொடுக்க ஆள் இல்லை.

எதிர்ப்பக்கம் காபிக் கடை. வாசலில் தொப்பியைக் கழற்றாமல் ஒருவர் சாய்ந்து நின்றார். பெலர்மீனோ. எழுபத்திரண்டு வயது, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், இடதுசாரி எதிர்க்கட்சி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஏழு ஓட்டில் தோற்ற ஊராட்சித் தலைவர் அவர்தான். ஞானஸ்நானத்துக்கு அப்புறம் கோவிலுக்குள் போனது கிடையாது. ஒவ்வொரு வருஷமும் சப்பரம் போகும்போது அதே வாசலில், அதே தொப்பியோடு நின்று ஏதாவது சொல்வார்.

"என்ன பொண்ணே, வண்டி நின்னு போச்சா?"

"கொஞ்சம் மூச்சு வாங்கறோம் மாமா."

"அரை மணி நேரமாவா? பத்து கிளாரினெட்டு மாடி ஏறி எறங்குது. மாடியில என்ன, மாதாவுக்குச் சொந்தக்காரங்களா?"

"கட்சி ஓட்டு மாமா. உங்களுக்குத் தெரியாதாக்கும்."

"தெரியுமே. டிவில காலையிலேருந்து உன் மூஞ்சிதான். ஏழு பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்து என்னைத் தோக்கடிச்ச மூஞ்சி."

"உங்களுக்குந்தான் வாங்கிக் குடுத்தேன்."

"அஞ்சாந் தடவை!"

"நாலு தடவை கம்பத்துல இடிச்சது நானா?"

தண்டுக்கடியில் சிரிப்பு. சப்பரம் லேசாகக் குலுங்கியது. "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க," என்றார் பாதிரியார்.

பெலர்மீனோ காபிக் கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தார். தெருவைக் கடந்து வந்தார். அவள் முகத்துக்கு நேரே நின்றார்.

"அந்த லிஸ்பன்காரன், மந்திரியா இருந்தானே, அவன் ஜெயிச்சிடுவானா?"

"இந்த ஒம்பது ஓட்டு விழலைன்னா ஜெயிச்சாலும் ஜெயிப்பாரு."

"ஜெயிச்சிட்டான்னா நீ யாரு? தோத்தவ. அப்ப நான் யாரு?" தன் மார்பில் விரலால் குத்திக்கொண்டார். "தோத்தவகிட்டத் தோத்தவன். இருவத்திரண்டு வருஷமா அந்த ஏழு ஓட்டை நான் சுமந்துக்கிட்டிருக்கேன். ஒரு கட்சித் தலைவர்கிட்டத் தோத்தேன்னு சொல்லிக்கவாவது எனக்கு ஒரு வாய்ப்பு குடு!"

அவள் பதில் சொல்வதற்குள் காபிக் கடைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"டேய்! சீட்டை வைங்கடா! எல்லாரும் வெளிய வாங்க!"

உள்ளே இரண்டு மேஜை. மேஜைக்கு நாலு பேர். எட்டுப் பேரும் அவர் கட்சி. கையில் சீட்டோடு வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

"என்ன அண்ணே?"

"தோள் குடுக்கணும்."

"எதுக்கு? சாமிக்கா, அந்தக் கட்சிக்கா?"

"எனக்குடா! கேள்வி கேக்காம வா!"

வந்தார்கள். ஒருவர் மட்டும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "யாரும் பாக்கக் கூடாது, எங்கிட்ட ஏஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தார். சட்டைக்குள் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தண்டுக்கடியில் புகுந்தார்கள். ஒருவர் உள்ளே போக, ஒருவர் வெளியே வந்தார். மாதா ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் இறங்கி ஒரு விரல் ஏறினாள். லோமெய்ராவில் இப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது வீட்டு மாடியில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பெலர்மீனோ மாமா, உங்க ஆட்கள் முன்பக்கமா, பின்பக்கமா?" என்று கேட்டார் பாதிரியார்.

"நாங்க எப்பவும் இடப்பக்கம் ஃபாதர்."

ஏழு ஐம்பத்தாறு. தண்டை விட்டு வந்த எட்டுப் பேரும் மாடியில் வரிசையாக நின்றார்கள். கீழே அல்சீரா மட்டும்.

பெலர்மீனோ தொப்பியைக் கழற்றினார். வைக்க இடம் தேடினார். இன்னும் பெர்னார்தோவின் உடம்பில் மாட்டியிருந்த டியூபாவின் வாய்க்குள் போட்டார். அவளுடைய துண்டைத் தோளில் வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார்.

"விடு."

"பிடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சிட்டேன், விடு."

"கனமா இருக்கும் மாமா. மெதுவா..."

"ஓட்டச் சொல்லிக் குடுக்காதே! விட்டுத் தொலை!"

அவள் தோளை எடுத்தாள். சப்பரம் சாயவில்லை. ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம்!" என்றான் பெர்னார்தோ.

ஓடினாள். படி இரண்டிரண்டாக. அவள் உள்ளே நுழைந்தபோது லுதோவீனா சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"அடையாள அட்டை."

"லுதோவீனா, ஒண்ணா ஞானஸ்நானம் எடுத்தோம்."

"அட்டை."

கொடுத்தாள். தன் பெயருக்கு நேரே குறி போட்டாள். தோள் நடுங்கியதால் குறி கொஞ்சம் கோணல். மடித்துப் பெட்டியில் போட்டாள். லுதோவீனா உடனே பெட்டி வாயில் நாடாவை ஒட்டினாள். மலைமேல் மாதா கோவிலின் மணி எட்டு அடித்தது.

அவள் இறங்கி வந்து பெலர்மீனோவின் பக்கத்தில் குனிந்தாள். "குடுங்க மாமா. நான் வாங்கிக்கிறேன்."

"போ."

"மலை ஏத்தம் மாமா. உங்க வயசுக்கு..."

"இப்பத்தான் தோள் சரியா பொருந்தியிருக்கு. பாதியில மாத்தினா எல்லாருக்கும் ஆட்டம் குடுக்கும். ரயில்ல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவன் சொல்றேன். போ, நட."

அவருடைய ஆட்களும் விடவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தால் விடுகிற மாதிரி இல்லை. பேண்டு முழுசாகத் திரும்ப வந்து ஓங்கி அடித்தது. சப்பரம் நகர்ந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அல்சீராவுக்குத் தூக்க ஒன்றும் இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு வீசி நடந்தாள். மாதாவின் முகத்தைக் கீழேயிருந்து அவள் பார்த்ததே இல்லை, எப்போதும் தண்டுக்கடியில்தான். இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் சிவப்புச் சாயம் கொஞ்சம் அதிகமாகப் பூசியிருந்தார்கள். விருந்துக்குப் போய் வருகிறவள் மாதிரி இருந்தாள். அல்சீராவுக்குச் சிரிப்பு வந்தது.

மலைப்பாதையில் ஒரு கல் சிலுவை. அங்கே பேண்டு வாசிப்பை நிறுத்திவிடும். அங்கிருந்து கோவில் வாசல்வரை நூற்றிருபது அடி, யாரும் பேச மாட்டார்கள். காலடிச் சத்தம் மட்டும். மாதா வாசலைத் தாண்டிய பிறகுதான் வாய் திறக்கலாம்.

சிலுவையைத் தாண்டிப் பத்து அடி போயிருப்பார்கள். பெர்னார்தோவின் கைப்பேசி துடித்தது. எடுத்துப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

குடை பிடித்தவர் அவன் வாயை உள்ளங்கையால் பொத்தினார். டியூபாக்காரர் கண்ணை உருட்டினார். பெர்னார்தோ மூச்சு விட முடியாமல் தலையை ஆட்டினான். கை விலகியதும் கைப்பேசியை அல்சீராவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

அவள் படித்தாள். கடைசிப் பெட்டியும் எண்ணியாகிவிட்டது. பதினொரு ஓட்டு வித்தியாசம். அவள் பெயர் மேலே இருந்தது.

இன்னும் நூறு அடி.

நடந்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்தாள். பெர்னார்தோ கைப்பேசியை டியூபாக்காரரிடம் காட்டினான். டியூபாக்காரர் டிரம்காரரிடம். கைப்பேசி கை கைவழியாகப் பின்னால் போனது. ஊர்வலத்தின் மேல் ஒரு நடுக்கம் ஓடியது. ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒரு பெண் தலைத்துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வாணக்காரர்கள் மூன்று பேரும் பாதையை விட்டு விலகிக் குறுக்கே மலைமேல் ஓடினார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல். பாதிரியார் முதுகை மட்டும் காட்டி நடந்தார். அவர் காது சிவந்திருந்தது. யாரோ அவருக்கும் காட்டியிருக்க வேண்டும்.

தண்டு பிடித்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. பெலர்மீனோ கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பிப் புருவத்தை உயர்த்தினார். அவள் பத்து விரலையும் விரித்தாள். பிறகு ஒரு விரல். அவர் புருவம் இறங்கியது. கட்டைவிரலைக் கீழே காட்டி, அப்படியா என்று உதட்டைப் பிதுக்கினார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கட்டைவிரலை மேலே தூக்கினாள்.

பெலர்மீனோவின் வாய் திறந்தது. அவள் தன் உதட்டில் விரலை வைத்தாள். எழுபத்திரண்டு வயது நாத்திகர் வாயை மூடிக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. கண்ணில் தண்ணீர் வந்தது. முப்பது அடி, இருபது அடி, அந்த மனிதர் வெடிக்காமல் நடந்தார். சப்பரம் மட்டும் அவர் பக்கத்தில் குலுங்கிக்கொண்டே போனது.

வாசல். முன் தண்டு உள்ளே போனது. பின் தண்டு உள்ளே போனது. நானூறு கிலோவும் மரமேடையில் இறங்கின. பாதிரியார் திரும்பினார்.

"ஆமென்," என்றார். "இப்பக் கத்துங்க."

கத்தினார்கள். மணிக்கயிற்றில் மூன்று பேர் தொங்கினார்கள். மேலே ஒளிந்திருந்த வாணக்காரர்கள் கையில் இருந்த முதல் கட்டை ஒரே சமயத்தில் பற்றவைத்தார்கள். பேண்டு தெரிந்த பாட்டு எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தது. இரண்டு கன்னத்திலும் முத்தம், மறுபடி இரண்டு கன்னத்திலும். அல்சீராவால் யார் யார் என்று பார்க்க முடியவில்லை.

பெலர்மீனோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"பதினொண்ணு! இதுல ஒம்பது என் சீட்டு மேஜை! எழுதி வெச்சுக்கோ! ஒம்பதும் நான் போட்ட பிச்சை!"

"மாமா, ஒரு கட்சித் தலைவர்கிட்டத்தான் தோத்தீங்க."

"ஆமா!" அவர் எல்லோரையும் பார்த்தார். "கேட்டுக்கோங்கடா! அதுவும் ஏழே ஓட்டுல! அந்த மந்திரி பதினொண்ணுல தோத்தான், நான் ஏழுலதான்! நாளைக்குக் காலையிலேருந்து உன்னை விட மாட்டேன் பொண்ணே. அந்தப் பாலத்தைப் பத்தி நான் இன்னும் பேசவே இல்லை." சொல்லிவிட்டு அவள் தலையைப் பிடித்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார்.

மெஸ்கீத்தா கூப்பிட்டார். அவள் கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு ஒரு பக்கம் ஒதுங்கினாள்.

"வாழ்த்துகள் அல்சீரா. எங்க இருக்கீங்க? சண்டை நடக்குதா?"

"இல்லீங்க. சாமி வீட்டுக்கு வந்திருக்கா."

"என்ன?"

"நாளைக்குச் சொல்றேன். நன்றி. நிஜமாவே நன்றி."

பெர்னார்தோ அவள் கையைப் பிடித்துக் கோவில் படிமேல் ஏற்றினான். அவன் தலையில் காமெலியா இதழ். டியூபா அழுத்திய தடம் தோளில். லிஸ்பன் ஹோட்டலில் நானூறு பேர் காத்திருக்கிறார்கள், மண்டபத்தின் ஒலிபெருக்கியோடு தன் கைப்பேசியை இணைத்துவிட்டார்கள் என்றான்.

"பேசுங்க மேடம். தலைவரா முதல் பேச்சு. நாடே கேக்குது."

அல்சீரா கைப்பேசியை வாங்கினாள். "நண்பர்களே," என்றாள். அதற்குள் இன்னொரு கட்டு வாணம் வெடித்தது. மணி ஓயவில்லை. மறுபடி "நண்பர்களே" என்று ஆரம்பித்தாள். டிரம்காரர் படியடிக்கே வந்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ அவள் வாயில் கறி ரொட்டியை வைத்தார்கள். இந்தத் தடவை கை சும்மாதான் இருந்தது. ஆனாலும் அவள் மறுக்கவில்லை.

ரொட்டியை மெல்லத் தொடங்கினாள். கைப்பேசியைத் தலைக்கு மேலே, வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தாள். வாணம் தீரும்வரை அப்படியே பிடித்திருந்தாள். ஆறு நிமிஷம்.

முதல் பேச்சு நன்றாக இருந்தது என்று லிஸ்பனில் சொன்னார்கள்.